இலைக்குள் ஓர் எண்ணெய்ப் படலம்: ஒளிச்சேர்க்கைச் சவ்வுகளின் கொழுப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பள்ளியொன்றில் பல ஆண்டுகள் தாவரவியல் ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மாலை வேளைகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் படிக்க வருகிறார்கள். ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் தொடும்போதெல்லாம் ஒரு குறை என்னை உறுத்தும். பச்சையத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு, புரதங்களுக்குப் படம் உண்டு. அவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, கூடவே வேலையும் செய்யும் கொழுப்புகளுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. மாணவர்களும், மாடித்தோட்டம் வைத்திருக்கும் அண்டை வீட்டாரும், காசிமேட்டிலிருந்து படிக்க வந்த பழைய பிள்ளைகளும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இலையில் கொழுப்பா? கீரையைக் கசக்கினால் கையில் எண்ணெய் ஒட்டுவதில்லையே?

ஒட்டாது. நூறு கிராம் பாலக்கீரையில் மொத்தக் கொழுப்பு ஏறத்தாழ 0.4 கிராம்தான். எள்ளிலும் நிலக்கடலையிலும் இருப்பது நாளைக்கென்று சேர்த்து வைத்த எண்ணெய். இலையில் இருப்பது இன்றைக்கு உழைக்கிற கொழுப்பு. அது துளியாகத் திரண்டு நிற்பதில்லை. இரண்டு மூலக்கூறு கனத்தில் படலமாக விரிந்து கிடக்கிறது. படலத்தின் தடிமன் சுமார் 4 நானோமீட்டர். நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் அதைவிட இருபதாயிரம் மடங்கு தடிமனானது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 0.4 கிராம் கொழுப்பு முழுவதையும் 4 நானோமீட்டர் தடிமனில் விரித்தால் 100 சதுர மீட்டர் வரும். ஆயிரம் சதுர அடிக்கு மேல்! பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் ஒரு குடும்பம் முழுவதும் வாழும் வீட்டைவிடப் பெரிய பரப்பு, ஒரு சிறிய கீரைக்கட்டுக்குள் மடிந்து கிடக்கிறது. அந்தக் கொழுப்பின் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வுகளில்தான் இருக்கிறது.

அந்தச் சவ்வு இலைக்குள் எங்கே இருக்கிறது?

இலையின் செல்லுக்குள் பசுங்கணிகம். பசுங்கணிகத்துக்குள் தட்டையான பைகள். அந்தப் பைகளுக்குத் தைலக்காய்டு என்று பெயர். சில இடங்களில் அவை இட்லித் தட்டுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த அடுக்குகளே கிரானா. பச்சையமும், ஒளியைப் பிடிக்கும் புரதத் தொகுதிகளான ஒளி அமைப்புகளும் (முதலாம், இரண்டாம் என இரு வகை) அந்தப் பைகளின் சுவரிலேயே பதிந்திருக்கின்றன. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் புரதம், மீதியில்தான் கொழுப்பு.

என்னென்ன கொழுப்புகள்? பெயர்களைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

பெயர்தான் நீளம், உருவம் எளிது. கிளிசரால் என்ற சிறிய மூலக்கூறுக்கு மூன்று கைகள் உண்டு. இரண்டு கைகளில் நீண்ட கொழுப்பு அமில வால்கள் தொங்கும். மூன்றாவது கையில் நீரை விரும்பும் ஒரு தலை இருக்கும். தலை எது என்பதை வைத்துத்தான் பெயர்.

ஒரே ஒரு காலக்டோஸ் சர்க்கரை தலையாக அமர்ந்தால் அது மோனோகாலக்டோசைல் டைஅசைல்கிளிசரால், சுருக்கமாக எம்.ஜி.டி.ஜி. தைலக்காய்டு கொழுப்பில் ஏறத்தாழப் பாதி இதுதான். இரண்டு காலக்டோஸ் இருந்தால் டி.ஜி.டி.ஜி.; இது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சர்க்கரையில் கந்தகம் சேர்ந்த அமிலப் பகுதி ஒட்டியிருந்தால் சல்போலிப்பிடு. நான்காவது பாஸ்படிடைல் கிளிசரால், அதாவது பி.ஜி.; பாஸ்பேட் உள்ளது இந்த நான்கில் இது ஒன்றில் மட்டும்தான். கடைசி இரண்டும் அளவில் குறைவு, எதிர் மின்னேற்றம் கொண்டவை.

காலக்டோஸ் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. மாதவரம் பால்பண்ணையிலிருந்து வரும் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்கும்போது கிடைக்கும் இரண்டு சர்க்கரைகளில் ஒன்று இதுவே. பி.ஜி.யும் அப்படித்தான். தாயின் வயிற்றில் குழந்தையின் நுரையீரல் முதிரும்போது, காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சில் பி.ஜி. வந்து சேர்கிறது. ராயபுரத்தில் மகப்பேறு மருத்துவமனையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இலைக்கும் பிறக்கப்போகும் குழந்தையின் மூச்சுக்கும் ஒரே கொழுப்பு.

மற்றச் சவ்வுகளில் பாஸ்பேட் கொழுப்புகள்தானே அதிகம்? இங்கே மட்டும் ஏன் சர்க்கரை?

சிக்கனம். பாஸ்பரஸ் மண்ணிலும் கடலிலும் அரிதாகக் கிடைப்பது. மரபுப் பொருளுக்கும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபிக்கும் அது கட்டாயம் வேண்டும். செடியிலேயே மிகப் பெரிய சவ்வுப் பரப்பான தைலக்காய்டையும் பாஸ்பேட்டைக் கொண்டே கட்டுவதென்றால் கட்டுப்படியாகாது. சர்க்கரையோ, இலை தானே வெயிலில் செய்துகொள்வது. வீட்டில் விளைந்ததைக் கொண்டு சுவரை எழுப்பி, கடையில் வாங்க வேண்டியதை மிச்சப்படுத்துகிறது.

பாஸ்பரஸ் இன்னும் குறைந்தால் என்ன நடக்கிறது என்பது அழகானது. செடி தன் பி.ஜி.யின் ஒரு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் சல்போலிப்பிடை வைக்கிறது. இரண்டுக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் சவ்வின் மொத்த மின்னேற்றம் குலைவதில்லை. பசுங்கணிகத்துக்கு வெளியே உள்ள சவ்வுகளிலும் பாஸ்பேட் கொழுப்புகளை உடைத்து, டி.ஜி.டி.ஜி.யை அங்கே அனுப்பி ஈடுகட்டுகிறது. பாஸ்பேட் வறண்ட கடல்களில் மிதக்கும் நுண்பாசிகளும் இதையேதான் செய்கின்றன. ஆனால் பி.ஜி.யை முழுவதும் இழந்து வாழ முடியாது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் சிறு செடியான அராபிடாப்சிஸில், பி.ஜி.யை மிகக் குறைவாகவே செய்யும் செடிகள் வெளிறிப்போகின்றன, ஒளிச்சேர்க்கை நொடித்துப்போகிறது.

சரி, எண்ணெய்ப் படலம் எதற்கு? புரதங்களை ஒட்டவைக்கும் பசை மட்டும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் காத்திருப்பேன்.

ஒளி விழுந்ததும் நீர் உடைகிறது, எலக்ட்ரான் ஓடுகிறது, அந்த ஓட்டத்தில் ஹைட்ரஜன் அயனிகள் பையின் உள்ளே குவிகின்றன. உள்ளே அமிலம், வெளியே காரம். அந்த அயனிகள் திரும்ப வெளியேற ஒரே வாசல் இருக்கிறது: ஏடிபி செய்யும் நொதி. அந்த வாசல் வழியே அவை பாயும்போதுதான் ஏடிபி உருவாகிறது. பூண்டி, புழல் ஏரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கரை ஒழுகினால் மதகு எத்தனை நன்றாக இருந்தும் பயனில்லை. மின்னேற்றம் உள்ள அயனி எண்ணெயைக் கடக்காது. ஆகவே கொழுப்புப் படலம்தான் கரை.

இதை 1961-இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் கருத்தாக முன்வைத்தார். பலர் நம்பவில்லை. 1966-இல் ஆண்ட்ரே ஜாகன்டார்ஃபும் எர்னஸ்ட் உரிபேயும் ஒரு சோதனை செய்தார்கள். பாலக்கீரையிலிருந்து பிரித்த தைலக்காய்டுகளை இருட்டில் அமிலக் கரைசலில் ஊறவைத்து, பிறகு சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். ஒளியே இல்லை, எலக்ட்ரான் ஓட்டமும் இல்லை. ஆனாலும் ஏடிபி உருவானது! உள்ளே அமிலம், வெளியே காரம், நடுவில் ஒழுகாத ஒரு படலம் — இவை மூன்றும் போதும் என்று அந்த இருட்டறையில் தெரிந்தது. மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் படலம் ஒழுகியிருந்தால் சோதனை தோற்றிருக்கும். கொழுப்பு பசை மட்டும்தான் என்று சொல்பவர்களிடம் இந்தச் சோதனையை எடுத்துச் சொல்லுங்கள்.

அம்மோனியா கசிந்தபோது செடிகள் கருகும் என்றார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2023 டிசம்பர் இறுதியில் ஒருநாள் இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பம் கடலோரத்தில் ஓர் உர ஆலையின் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். மறுவாரம் வகுப்புக்கு வந்த ஒரு பெண், “மனிதருக்கு மூச்சு அடைத்தது, சார். செடிக்கு மூக்கு இல்லையே, அதற்கு என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

அம்மோனியா மின்னேற்றம் இல்லாத சிறிய மூலக்கூறு. எண்ணெய்ப் படலத்தை அது தடையில்லாமல் கடந்துவிடும். பையின் உள்ளே நுழைந்ததும் அங்கே குவிந்திருக்கும் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு அம்மோனியமாக மாறும். அம்மோனியத்துக்கு மின்னேற்றம் உண்டு, அதனால் வந்த வழியே திரும்ப முடியாது. இப்படியே ஏரி நீர் முழுவதும் வாசலைத் தொடாமல் தீர்ந்துபோகும். எலக்ட்ரான் ஓடும், ஆக்ஸிஜன்கூட வரும்; ஏடிபி மட்டும் உருவாகாது. ஆய்வுக்கூடங்களில் ஏடிபி உற்பத்தியை ஒளியிலிருந்து துண்டிக்க அம்மோனியம் உப்பைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். காற்றில் அதன் அளவு மிகுந்தால் இலையின் ஓரங்கள் வெந்ததுபோல் ஆவதற்கு வேறு காரணங்களும் சேரும். இந்தத் துண்டிப்பும் அவற்றோடு சேரலாம்.

எம்.ஜி.டி.ஜி. கூம்பு வடிவம் என்று படித்தேன். வடிவத்தால் என்ன பயன்?

தலை சிறியது, வால்கள் அகலமாக விரிந்தவை. பம்பரத்தைத் தலைகீழாகப் பிடித்ததுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக எம்.ஜி.டி.ஜி.யை நீரில் விட்டால் அது தட்டையான இரட்டைப் படலமாக நிற்காது. சுருண்டு, தலைகள் உள்நோக்கிய நுண்குழாய்களாக அடுக்கிக்கொள்ளும். டி.ஜி.டி.ஜி.யின் தலை பெரியது, உருளை வடிவம். அது தட்டையாகவே நிற்கும். இரண்டும் சரியான விகிதத்தில் கலக்கும்போதுதான் தைலக்காய்டு உருவாகிறது: தட்டையாக நிற்கவும் வேண்டும், பையின் விளிம்பில் கூர்மையாக வளையவும் வேண்டும், வடிவம் கோணலான புரதங்களின் இடுக்குகளை நிரப்பவும் வேண்டும். டி.ஜி.டி.ஜி. தொண்ணூறு சதவீதம் குறைந்த ஓர் அராபிடாப்சிஸ் வகையை 1995-இல் விவரித்தார்கள். செடி குட்டையாகி, இலை வெளிறி, ஒளிச்சேர்க்கை குன்றியிருந்தது. எம்.ஜி.டி.ஜி. அப்படியே இருந்தும், துணைவன் இல்லாமல் அதனால் சமாளிக்க முடியவில்லை.

அக்னி நட்சத்திர வெயிலில் இலை ஏன் எரிந்துவிடுவதில்லை?

ஒளி தேவைக்கு மேல் வரும்போது, அதை வெப்பமாக மாற்றி வெளியேற்றும் ஏற்பாடு இலைக்கு உண்டு. வயலோசாந்தின் என்ற மஞ்சள் நிறமி, சில நிமிடங்களில் சியாசாந்தினாக மாறும். மாற்றும் நொதி பைக்குள் அமிலம் கூடியதும் விழித்து, சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அது வேலை செய்ய எம்.ஜி.டி.ஜி. வேண்டும், மேலே சொன்ன சுருண்ட கொழுப்பு அமைப்புக்குள்தான் வயலோசாந்தின் கரைந்து நொதியின் கைக்கு எட்டுகிறது. தட்டையாக நிற்க மறுக்கும் பிடிவாதக் கொழுப்பு, நண்பகலில் குடையாகிவிடுகிறது. மே மாதத்தில் மாடியில் வைத்த வெண்டைச் செடியைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்கிறேன்.

புரதத்துக்குள்ளேயும் கொழுப்பு இருக்கிறது என்பது உண்மையா?

உண்மை. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நீலப்பச்சைப் பாசியிலிருந்து இரண்டாம் ஒளி அமைப்பை எடுத்து, 1.9 ஆங்ஸ்ட்ராம் (0.19 நானோமீட்டர்) நுட்பத்தில் அதன் உருவத்தைக் கண்டார்கள். ஒவ்வொரு அலகிலும் 35 பச்சைய மூலக்கூறுகள், அவற்றோடு இருபதுக்கும் மேற்பட்ட கொழுப்பு மூலக்கூறுகள்! ஓரத்தில் ஒட்டிய அழுக்கைப்போல் அவை நிற்கவில்லை. புரதத் துண்டுகளின் இடையில், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் பதிந்திருந்தன. முதலாம் ஒளி அமைப்பில் 2001-இலேயே நான்கு கொழுப்புகள் தெரிந்திருந்தன. அவற்றில் மூன்று பி.ஜி.

ஒளியைச் சேகரிக்கும் புரதங்கள் மும்மூன்றாகக் கைகோக்கவும் பி.ஜி. வேண்டும். அதன் ஒரு வால் வழக்கத்துக்கு மாறான வகை. அதன் இரட்டைப் பிணைப்பு தலைக்கு மிக அருகில், நேராக நிற்கும் அமைப்பில் இருக்கிறது. செடியின் வேறெந்தக் கொழுப்பிலும் அந்த அமிலம் இல்லை. இவ்வளவு குறிப்பான ஏற்பாட்டைக் கண்ட பிறகும் கொழுப்பை வெறும் நிரப்பும் பொருள் என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சவ்வு இளகியிருக்க வேண்டும் என்பது ஏன்?

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது, தலையில் மீன்கூடையோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தைலக்காய்டு சவ்வில் புரதக் கூட்டம் அப்படி நெருக்கியடிக்கிறது. அந்த நெரிசலுக்குள் பிளாஸ்டோகுவினோன் என்ற சிறிய மூலக்கூறு, இரண்டாம் ஒளி அமைப்பிடம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அடுத்த புரதத்துக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது எண்ணெயில் நீந்துவது. எண்ணெய் உறைந்தால் ஓட்டம் நின்றுவிடும். வெயிலில் பழுதான புரதத்தைப் பிரித்தெடுத்து, வேறிடத்துக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டுத் திரும்பப் பொருத்தவும் இளக்கம் வேண்டும்.

இளக்கத்தைத் தருவது வாலில் உள்ள இரட்டைப் பிணைப்புகள். மார்கழியில் குளியலறைத் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும்; சமையலறை நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நேரானவை, நெருங்கி அடுக்கிக்கொள்பவை. நல்லெண்ணெயின் வால்கள் வளைந்தவை. அளவைப் பாருங்கள்: பதினெட்டுக் கார்பன் கொண்ட, இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஓர் இரட்டைப் பிணைப்பு கொண்ட ஓலியிக் அமிலம் 13 டிகிரியில் உருகும். மூன்று கொண்ட லினோலெனிக் அமிலமோ உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 11 டிகிரியில். தைலக்காய்டின் சர்க்கரைக் கொழுப்புகளில் பெரும்பாலான வால்கள் அந்த மூன்று பிணைப்பு வகையைச் சேர்ந்தவை. ஒமேகா-3 என்று கடைகளில் மாத்திரையாக விற்கும் அதே குடும்பம்தான்.

வாழைப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் தோல் ஏன் கறுக்கிறது?

வெப்ப மண்டலச் செடிகளின் சவ்வுகள் அந்தக் குளிருக்குப் பழகியவை அல்ல. அவை இறுகி, ஒழுகி, உள்ளே தனித்தனியாக இருக்க வேண்டியவை கலந்து கறுக்கின்றன. ஜப்பானின் நோரியோ முராத்தா இதில் பி.ஜி.யின் பங்கைக் கவனித்தார்: குளிரைத் தாங்காத செடிகளின் பி.ஜி.யில் நேரான வால்கள் அதிகம். 1992-இல் அவர் குழு, பி.ஜி.யின் வாலைத் தேர்ந்தெடுக்கும் நொதியைப் புகையிலையில் மாற்றிக் காட்டியது. பூசணி வகைச் செடியின் மரபணுவைச் சேர்த்த புகையிலை குளிரில் முன்னைவிட நலிந்தது. அராபிடாப்சிஸின் மரபணுவைச் சேர்த்தது முன்னைவிடத் தாக்குப்பிடித்தது. பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத ஒரு கொழுப்பு, செடி எங்கே வாழலாம் என்பதில் குரல் கொடுக்கிறது.

அப்படியானால் நம் ஊர் வெப்பத்துக்கு எதிர்மாறாகச் செய்யலாமா?

செய்து பார்த்திருக்கிறார்கள். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று பிணைப்பு வால்களைக் குறைத்த புகையிலைச் செடிகள் கடும் வெப்பத்தை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. மிகவும் இளகிய சவ்வு வெப்பத்தில் குழைந்து, ஹைட்ரஜன் அயனிகளை ஒழுகவிடும். கிரானா அடுக்குகள் குலையும். இரண்டாம் ஒளி அமைப்பு முதலில் பழுதாகும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானதே, அந்த நாளில் மாடிச் செடிகள் நீர் ஊற்றியும் துவண்டதை நான் பார்த்தேன். செடிகள் தாமாகவே சில நாள்களில் வால்களை மாற்றிக்கொண்டு வெப்பத்துக்குப் பழகும். ஆகவே நாற்றங்காலிலிருந்து வாங்கிய கன்றை முதல் நாளே முழு வெயிலில் வைக்காதீர்கள். நிழல் வலைக்கடியில் ஒரு வாரம் இருக்கட்டும்.

கீரையில் புளி சேர்த்தால் பச்சை நிறம் ஏன் போகிறது?

சூட்டில் சவ்வுகள் சிதைகின்றன. சவ்வு காத்துவந்த பச்சையத்தை அமிலம் எட்டி, அதன் நடுவிலிருக்கும் மக்னீசியத்தை வெளியே தள்ளுகிறது. புளி இல்லாவிட்டாலும் செல்லின் சொந்த அமிலமே கொஞ்சம் அந்த வேலையைச் செய்யும்; மூடாமல் வேகவைத்தால் அந்த அமிலத்தில் ஆவியாகும் பகுதி வெளியேறி, பச்சை சற்று தங்கும்.

புல் வெட்டும்போது வரும் வாசனைக்கும் இந்தக் கொழுப்புக்கும் தொடர்பு உண்டாமே?

இலை கிழிந்ததும் தைலக்காய்டு கொழுப்பிலிருந்து லினோலெனிக் அமிலம் விடுபடுகிறது. நொதிகள் அதை ஆறு கார்பன் துண்டுகளாக வெட்டுகின்றன. அந்தத் துண்டுகள் காற்றில் பறப்பதுதான் பச்சை வாசனை. அகத்திக்கீரை உருவும்போது வருவதும் அதுவே.

அதே அமிலம் வேறு வழியில் போனால் ஜாஸ்மோனிக் அமிலம் ஆகிறது: புழு கடித்த இலை, செடியின் மற்றப் பாகங்களை எச்சரிக்க அனுப்பும் சேதி. இதன் உறவுப் பொருளான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962-இல் முதலில் கண்டெடுத்தது ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து. பெயரிலேயே மல்லிகை இருக்கிறது. ஒளியைப் பிடிக்கும் சவ்வே, கிழிபடும்போது அபாய மணியாகவும் மாறுகிறது. மாலையில் பூக்கட்டும் பெண்களிடம் இதைச் சொன்னபோது ஒரு பாட்டி, “அப்போ பூ வாசனை கூடச் செடி கூப்பாடு போடுவதுதானா, வாத்தியாரே?” என்றார். முழுவதும் அப்படி இல்லை என்றாலும், அவர் தொட்ட இடம் சரியானது.

எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோது அலையாத்தி மரங்கள் ஏன் பாதிக்கப்பட்டன?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கிக் கழிமுகத்தில் பரவியது. வலைகளும் படகுகளும் கறுத்தன. வெண்கண்டல் மரங்களின் தண்டிலும், சேற்றிலிருந்து விரல்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களிலும் தார்போல் படிந்தது. என் பழைய மாணவர் ஒருவர் தன் படகில் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். அதைப் பார்த்த பிறகு சில நாள் தூக்கம் வரவில்லை.

பாதிப்பு இரண்டு வகை. ஒன்று கண்ணுக்குத் தெரிவது: மூச்சுவேர்களின் துளைகள் அடைபட்டு, வேருக்குக் காற்று எட்டாமல் போவது. மற்றொன்று மூலக்கூறு அளவில். பெட்ரோலிய எண்ணெயின் இலேசான வளைய ஹைட்ரோகார்பன்கள் நீரில் அதிகம் கரைவதில்லை, கொழுப்பில் கரைகின்றன. உயிரணுவில் கொழுப்பு எங்கே? சவ்வில். ஆகவே அவை நேராகச் சவ்வுக்குள் புகுந்து குடியேறி, அதை வீங்கவைத்து, வால்களின் ஒழுங்கைக் குலைத்து, அயனிகளை ஒழுகவிடுகின்றன. மேலே ஏரிக்கரை என்று சொன்னேனே, அந்தக் கரையில் ஓட்டை போடுவது இதுதான். எண்ணெயை அகற்றச் சோப்பு வகைக் கரைப்பான்களை இலையின்மேல் தெளிப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. சோப்பும் சவ்வைக் கரைக்கும். கையால் துடைத்தும் அள்ளியும் எடுப்பதே மரத்துக்குப் பாதுகாப்பானது. அந்த நாள்களில் கழிமுகத்து மீனவர்கள் வெறும் கையாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அவர்கள் உடம்புக்கு அது கேடு. கையுறையும் முகக்கவசமும் அவர்களுக்கு முதல் நாளே கிடைத்திருக்க வேண்டும்.

ஆலைப் புகையும் சாம்பலும்?

சாம்பல் ஒளியை மறைக்கிறது, இலைத்துளைகளை அடைக்கிறது. கந்தக டைஆக்ஸைடும் ஓசோனும் அதைவிட ஆழமாகப் போகும். மூன்று இரட்டைப் பிணைப்பு வால்கள் இளக்கம் தருபவை, அதே பிணைப்புகள்தான் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து அழுகும் இடங்களும். ஒன்றில் பற்றினால் பக்கத்து வாலுக்குப் பரவும். சவ்வில் கரைந்திருக்கும் வைட்டமின் ஈ அந்தத் தொடரை அறுக்கும் காவல். காவல் தோற்றால் மாலோன்டைஆல்டிஹைடு என்ற துண்டு மிஞ்சும். தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சூடாக்கினால் அது இளஞ்சிவப்பு நிறம் தரும். திருவொற்றியூர், மணலிப் பக்கத்து இலைகளில் கல்லூரித் திட்ட வேலை செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைப்பேன். சாலையோர மரத்தையும், தள்ளியிருக்கும் அதே வகை மரத்தையும் ஒரே நாளில், ஒரே வயது இலையில் ஒப்பிடுங்கள்.

மீனில் ஒமேகா-3 எப்படி வந்தது?

மீன் தானாக அதிகம் செய்துகொள்வதில்லை, சாப்பிட்டுச் சேர்ப்பது. கடலில் மிதக்கும் டயாட்டம் போன்ற நுண்பாசிகள், இ.பி.ஏ. என்ற நீண்ட ஒமேகா-3 வாலைத் தம் தைலக்காய்டின் சர்க்கரைக் கொழுப்புகளிலும் வைத்திருக்கின்றன. பாசியை மிதக்கும் நுண்விலங்குகள் உண்ண, அவற்றை மத்தியும் நெத்திலியும் உண்ண, காசிமேட்டில் அது கூடைக்கு வருகிறது.

இவற்றை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

சர்க்கரைக் கொழுப்புகளை 1956-இல் ஹெர்பர்ட் கார்ட்டர் குழு கோதுமை மாவில் கண்டது, இலையில்கூட இல்லை. பசுங்கணிகத்தோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தவர் ஆண்ட்ரூ பென்சன். சல்போலிப்பிடையும் 1959-இல் அவரே அடையாளம் காட்டினார். கார்பன் நிலைநிறுத்தும் சுழற்சியைக் கால்வினோடு சேர்ந்து வெளிக்கொணர்ந்தவரும் இவர்தான். 1961-இல் அதற்கான நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் சென்றது. பாடப்புத்தகத்தில் கால்வின் சுழற்சி என்று படிக்கும் பிள்ளைகளிடம் பென்சன் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறேன்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

ஒரு பிடி பாலக்கீரையை இரண்டு பங்காக்கிக் கசக்குங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி கலந்த தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வெறும் தண்ணீரில் வருவது கலங்கல். சற்று நேரம் வைத்தால் பச்சைத் துகள்கள் அடியில் படியத் தொடங்கும். சோப்புத் தண்ணீர் அதைவிடத் தெளிந்த பச்சையாக இருக்கும், ஏனெனில் சோப்பு சவ்வைக் கரைத்துப் பச்சையத்தை வெளியே கொண்டுவந்துவிட்டது.

அடுத்து, இன்னொரு பிடியை நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனில் ஊறவைத்துத் தெளிந்த பச்சைக் கரைசலை எடுங்கள். அடுப்பு எரியாத இடத்தில், சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். இருட்டறையில், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை முதலில் முழு இலையின்மேல் பிடியுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு கரைசலின்மேல் பிடியுங்கள். பச்சைத் திரவம் இரத்தச் சிவப்பாக ஒளிரும். சவ்வில் ஒழுங்காகப் பதிந்திருந்தபோது பச்சையம் பிடித்த ஒளியை வாங்கிக்கொள்ள அருகில் ஆள் இருந்தது. இப்போது யாரும் இல்லை, பிடித்ததையெல்லாம் சிவப்பாகத் திருப்பிக் கொட்டுகிறது.